பூசானின் மன்னாவும் பெரியம்மாவின் கேள்விகளும்: பாரிஸ் நாட்குறிப்பு

வியாழன்

லூவர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பிரமிடுக்குக் கீழே இறங்கினால் ஒரு பெரிய கூடம், அங்கிருந்து மூன்று பக்கம் வழி பிரிகிறது. கூட்டம் மொத்தமும் தெனோன் பக்கம் திரும்புகிறது, மோனா லிசா அங்கேதான் இருக்கிறாள். நாங்கள் ரிஷெல்யூ பக்கம் போனோம். மேலே ஏற நகரும் படிக்கட்டு இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாடியில் பிரெஞ்சு ஓவியங்கள், அறை அறையாக. ஆள் நடமாட்டம் குறைவு. உலகத்தில் கூட்டத்துக்குப் பேர்போன அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து படம் பார்க்க இடம் கிடைக்கிறது என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் கிடைக்கிறது.

என்னோடு வந்திருப்பவர் என் பெரியம்மா. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர், ஓய்வுநாள் பள்ளியில் பல வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். வேதத்தில், அதாவது பைபிளில், எந்த அதிகாரம், எந்த வசனம் என்று கேட்டால் கண்ணாடி போடாமலே சொல்வார். ஓவியத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்குக் கொஞ்சம் தெரியும். வேதத்தில் நான் அரைகுறை. ஆகவே சரியான ஜோடி.

நான் பார்க்க வந்தது நிக்கோலா பூசானை. 1594இல் நார்மண்டியில் பிறந்தவர், 1624இல் ரோமுக்குப் போனார், நடுவில் பாரிஸில் கழித்த கொஞ்ச காலம் தவிர 1665இல் சாகும்வரை ரோமிலேயே இருந்தார். பரோக் காலத்து ஆள்தான். ஆனால் அந்தக் காலத்து மற்றவர்கள் மாதிரி சுழன்றடிக்கிற துணியும், புரண்டு விழுகிற உடம்பும், இருட்டைக் கிழிக்கிற வெளிச்சமும் இவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. பழைய ரோமானியச் சிலைகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கை. எல்லாம் நிதானம், எல்லாம் அளவு. பிரெஞ்சுச் செவ்வியல் ஓவியம் என்றாலே முதலில் இவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். பலருக்கு இவர் சலிப்பாக இருப்பதற்கும் அந்த நிதானம்தான் காரணம் என்று நினைக்கிறேன், ஓடிக்கொண்டே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நேராக ‘வனாந்தரத்தில் மன்னாவைச் சேர்க்கும் இஸ்ரவேலர்’ படத்தின் முன்னால் போய் நின்றோம். எகிப்திலிருந்து கிளம்பி வந்து வனாந்தரத்தில் பசியில் கிடந்த இஸ்ரவேலருக்குக் கடவுள் வானத்திலிருந்து அனுப்பிய உணவுதான் மன்னா, வேதத்தில் யாத்திராகமத்தில் வரும் கதை. ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம். ஷாந்தலூ என்ற பிரெஞ்சு அதிகாரிக்காக 1637இல் தொடங்கி 1639இல் முடித்து ரோமிலிருந்து பாரிஸுக்கு அனுப்பிய படம். கூடவே ஒரு கடிதமும் போனது. அதில் பூசான் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, இதற்குச் சட்டம் போடுங்கள், பளபளப்பில்லாத தங்கப் பூச்சாக இருக்கட்டும், அப்போதுதான் பக்கத்தில் இருக்கிற சாமான்களின் மேல் கண் அலையாமல் படத்துக்குள்ளேயே நிற்கும் என்கிறார். இரண்டாவது இன்னும் முக்கியம்: கதையையும் படத்தையும் சேர்த்துப் படியுங்கள், எல்லாம் பொருளுக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். இடது பக்கத்து முதல் 7 உருவங்களே நான் எழுதியதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிடும், மற்றதும் அதே ரகம்தான் என்றும் எழுதியிருக்கிறார்.

படிக்கலாம் என்று பெரியம்மாவை உட்கார வைத்தேன்.

பின்னால் பெரிய பாறைகள், மங்கலான வானம். நடுவில், ஆனால் கொஞ்சம் உள்தள்ளி, அவர்களை நடத்தி வந்த மோசே கையை மேலே காட்டி நிற்கிறார், பக்கத்தில் அவருடைய அண்ணன் ஆரோன் நன்றி சொல்லும் பாவனையில். அவர்களைச் சுற்றிச் சிலர் மண்டியிட்டிருக்கிறார்கள். மோசே இருக்கும் இடத்தை நீங்களாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு சிறியதாக, அவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார். முன்னால் நிறைந்திருப்பது சாதாரண ஜனம். வலது பக்கம் மன்னா வந்தது தெரிந்துபோன கூட்டம்: இரண்டு பையன்கள் தரையில் அதற்காகக் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள், ஒருத்தி குனியக்கூட மனமில்லாமல் பாவாடையை விரித்து மேலே பார்த்தபடி வந்து விழட்டும் என்று இருக்கிறாள், ஒருவன் கூடையோடு நிற்கிறான். இடது பக்கம் செய்தி இன்னும் போய்ச் சேராதவர்கள், பசியில் சுருண்டவர்கள்.

அந்த இடது ஓரத்தில்தான் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். தன் கிழட்டுத் தாய்க்கு முலை கொடுக்கிறாள். அவளுடைய சொந்தப் பிள்ளை பக்கத்தில் அழுகிறது, அவள் அதன் பக்கம் திரும்பி எதையோ சொல்லிச் சமாதானப்படுத்துகிற மாதிரி இருக்கிறாள். அருகே ஒருவன் நின்று அப்படியே திகைத்துப் பார்க்கிறான். நாமும் அவனோடு சேர்ந்துதான் பார்க்கிறோம். யாத்திராகமத்தில் இந்தப் பெண் கிடையாது. சிறையில் பட்டினி போட்ட பெற்றோருக்கு மகள் பால் கொடுத்துக் காப்பாற்றிய ரோமானியக் கதை ஒன்று உண்டு, அங்கிருந்து எடுத்து இங்கே உட்கார வைத்திருக்கிறார்.

பெரியம்மா நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “ஏட்டி, மன்னா ராத்திரி பனியோட பனியா விழுந்து காலைல தரையில கிடந்தது. இவர் என்ன, பகல்ல மேல இருந்து கொட்டுற மாதிரி போட்டிருக்காரு? அதுவும் போக, முந்தின நாள் சாயங்காலமே காடை வந்து பாளயத்தை மூடிட்டே. கறி தின்னவங்க மறுநாள் காலைல இப்படியா செத்துக் கிடப்பாங்க?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் 1667 நவம்பரில், பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தில், இதே படத்தைப் பற்றி ஷார்ல் லெ ப்ரன் என்ற ஓவியர் நீண்ட உரை நிகழ்த்தியபோது கூட்டத்தில் எழுந்த ஆட்சேபனை இதேதான், காடை உட்பட. லெ ப்ரன் அதுவரை ஒவ்வொரு உருவமும் எந்தப் பழைய சிலையின் அளவில் இருக்கிறது, இது லாவோகோன், அது நியோபே, இது செனெகா என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆட்சேபனைக்கு அவருடைய பதில்: எழுதுகிறவன் நேற்று நடந்தது, இன்று நடந்தது என்று அடுத்தடுத்துச் சொல்லலாம், ஓவியனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கணம், ஆகவே முன்னால் நடந்த துன்பத்தையும் பின்னால் வந்த சந்தோஷத்தையும் அந்த ஒரு கணத்துக்குள் சேர்த்துத்தான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் என்ன மாறியது என்றே பார்ப்பவனுக்குத் தெரியாது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். “அது சரி. ஆனா காடைக்கு அவர் பதில் சொல்லலையே” என்றார்.

வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் லூவர் இரவு 9 மணி வரை. பகலில் லா ஷப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் இருக்கும் தெருவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பெரியம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் சாயங்காலம் கிளம்பினோம்.

இன்று ‘எலியேசரும் ரெபெக்காளும்’. 1648. பொவாந்தெல் என்ற பாரிஸ் வணிகர் கேட்டு வரைந்தது. அவர் குய்தோ ரேனியின் ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார், மரியாள் தோழிகளோடு உட்கார்ந்து தையல் வேலை செய்கிற படம், விதவிதமான பெண் முகங்கள். அது மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும், பெண்களின் அழகு எத்தனை வகையோ அத்தனையும் அதில் இருக்க வேண்டும் என்று பூசானிடம் கேட்டார். பூசான் ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஆபிரகாமின் ஊழியக்காரன் எலியேசர் எஜமானின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி வருகிறான், ஊருக்கு வெளியே கிணற்றடி, தண்ணீர் மொள்ள வந்த பெண்கள். சாமர்த்தியமான தேர்வு.

ஒரு டஜனுக்கு மேல் பெண்கள், ஒவ்வொருத்தி முகத்திலும் ஒரு கதை. நடுவில் ஊழியக்காரன் நகையை நீட்டுகிறான், ரெபெக்காள் கையை நெஞ்சில் வைத்து, எனக்கா என்பது போல நிற்கிறாள். ஒருத்தி இன்னொருத்தியின் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இந்தப் பக்கம் வாய் பார்க்கிறாள், குடம் நிரம்பி வழிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. வலது பக்கம் ஒருத்தி தன் குடத்தின் மேல் முழங்கையை ஊன்றி நின்று ரெபெக்காளைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைப் பொறாமை என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை, நமக்கு வரவில்லையே என்ற கணக்கும் அதில் இருக்கிறது. பெரியம்மா அவளைக் காட்டி, “எங்க தெருவுல இவ இருக்கா” என்று ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

இந்தப் படத்தில் ஒரு பிரசித்தமான குறை உண்டு. ஒட்டகம் இல்லை. வேதத்தில் ஊழியக்காரன் 10 ஒட்டகங்களோடு வருகிறான், படத்தில் ஒன்றுகூடக் கிடையாது. 1668 ஜனவரியில் ஓவியக் கழகத்தில் ஃபிலீப் த ஷாம்பேன் என்ற ஓவியர் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினார், நிறையப் புகழ்ந்துவிட்டு இந்த ஒட்டகத்தைக் கிளப்பினார்: கதையை உண்மையாகக் காட்டுகிறவர் அவற்றை விட்டிருக்கக் கூடாது. லெ ப்ரன் மறுபடி பூசானுக்கு வக்கீல். கண்ணை இழுத்துக் கெடுக்கக் கூடிய விநோதமான உருவங்களை, முக்கியமான விஷயம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பூசான் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்றார்.

இரண்டு கட்சியையும் சொல்லிவிட்டு, நீங்க எந்தப் பக்கம் என்று பெரியம்மாவைக் கேட்டேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. “ஒட்டகம் இல்லாம எப்படி? அவன் கேட்ட அடையாளமே அதுதான. குடிக்கத் தண்ணி கேட்டா குடிக்கத் தருவா, யாரும் தருவா. ‘உன் ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன்’னு கேக்காமலே சொல்றா பாரு, அதுலதான் அவ குணம் தெரியுது. பத்து ஒட்டகம் எம்புட்டுத் தண்ணி குடிக்கும்! அம்புட்டும் அவ ஒருத்தி இறைச்சிருக்கா. இந்தப் படத்துல பார்த்தா, அழகா இருக்கான்னு நகை குடுத்த மாதிரில்லா இருக்கு.”

நான் இதுவரை லெ ப்ரன் கட்சியில்தான் இருந்தேன், படத்தின் அமைதியை நினைத்தால் பத்து ஒட்டகக் கழுத்து அங்கே நீளுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் பெரியம்மா சொன்னதற்கு லெ ப்ரனிடமும் பதில் இருந்திருக்காது. ஷாம்பேன்கூட ஒட்டகத்தை ஆதாரமாகத்தான் பார்த்தார், இவர் அதைக் கதையின் சாவியாகப் பார்க்கிறார். பொவாந்தெல் பெண்களின் அழகைக் கேட்டார், பூசான் அதைக் கொடுத்தார், ரெபெக்காளின் உழைப்பு போய்விட்டது. சரி, படம் அதற்காகக் குறைந்துவிடவில்லை. வழிகிற அந்தக் குடத்துக்காகவே இன்னொரு முறை வரலாம்.

அப்புறம் ‘சாலொமோனின் நியாயத்தீர்ப்பு’. 1649, இதுவும் பொவாந்தெலுக்குத்தான். பூசானே இதைத் தன் சிறந்த படமாக நினைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு தூண்களுக்கு நடுவே அரசன், தராசு முள்ளைப் போல, ஒரு இம்மி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயவில்லை. கீழே உயிரோடிருக்கும் ஒரே குழந்தைக்காக வழக்காடும் இரண்டு தாய்மார். ஒரு சேவகன் உயிருள்ள குழந்தையை ஒற்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி நிற்கிறான். பொய்க்காரி தன் செத்த குழந்தையை இடுக்கிக்கொண்டு எதிராளியை நோக்கிக் கத்துகிறாள், அவளுடைய நிறமே அந்தப் பிணத்தின் நிறத்துக்கு மாறிப்போய்ப் பச்சையும் சாம்பலுமாக இருக்கிறது. அந்த நிறத்தில்தான் தீர்ப்பு இருக்கிறது, ராஜா வாயைத் திறக்க வேண்டியதில்லை. எனக்கு இந்தப் படம் மேல் மரியாதை உண்டு, பிரியம் அவ்வளவாக இல்லை. எல்லாம் மிகச் சரியாக இருக்கிறது. பெரியம்மாவுக்கு நேர்மாறு: “இது ஒண்ணுதான் வேதத்துல இருக்கிறபடியே இருக்கு.”

சனி

இன்று அருங்காட்சியகம் இல்லை. துய்லெரி தோட்டத்தில் நடந்தோம், நடந்தோம் என்றால் பச்சை இரும்பு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலி வரைக்கும்.

இந்தத் தோட்டத்துக்குள் பூசான் குடியிருந்திருக்கிறார். பதின்மூன்றாம் லூயி மன்னரும் அவருடைய மந்திரிகளும் விடாமல் கூப்பிட்டார்கள், இவர் சாக்குப்போக்கு சொல்லிக்கொண்டே இருந்தார், கடைசியில் மன்னா படத்தின் சொந்தக்காரரான ஷாந்தலூவே ரோமுக்குப் போய் அழைத்துக்கொண்டு வந்தார். 1640 டிசம்பர். தோட்டத்துக்குள் ஒரு வீடு கொடுத்தார்கள், சின்ன அரண்மனை மாதிரி இருக்கிறது என்று பூசான் சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். அதுவரை அரசவையில் கொடிகட்டிப் பறந்தவர் சிமோன் வூவே என்ற ஓவியர். பூசானைப் பார்த்ததும் மன்னர், வூவே நன்றாக மாட்டிக்கொண்டார் என்று சொன்னதாகக் கதை.

மாட்டிக்கொண்டது பூசான்தான். லூவரின் நெடுங்கூடத்துக்கு விதானம் முழுக்க ஹெர்குலிஸ் கதையை வரைந்து தரச் சொன்னார்கள், இன்று மோனா லிசாவைப் பார்க்க ஜனம் நடந்து போகிறதே, அந்தக் கூடம். உதவியாளர் கூட்டத்தை வைத்து மேய்த்து, ஏணியில் நின்று செய்கிற வேலை அது. ஒரு சமயத்தில் ஒரு படம், தன் கையால், அவசரம் இல்லாமல் என்று வேலை செய்து பழகிய மனிதரிடம் அதைக் கொடுத்தார்கள். அதற்கு நடுவில் புத்தகத்துக்கு முகப்புப் படம், கணப்புக்கு அலங்காரம் என்று சில்லறை வேலைகள் வேறு. கடிதங்களில் புலம்பித் தள்ளியிருக்கிறார். பெரிய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கடிதங்கள் நன்றாகப் புரியும்.

இந்தச் சமயத்தில் இயேசு சபையாருக்காக வரைந்த ஒரு மிகப் பெரிய படமும் லூவரில் இருக்கிறது: ஜப்பானில் புனித சவேரியார் செத்த பெண்ணை எழுப்புகிறார், மேலே வானத்தில் கிறிஸ்து. பெரியம்மாவிடம் சொன்னதும், “நம்ம மணப்பாட்டுச் சவேரியாரா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரேதான், முத்துக்குளித்துறையில் வேலை செய்துவிட்டுப் பின்னால் ஜப்பான் போனவர். அந்தக் கிறிஸ்து இடி இடிக்கிற ஜுபிடர் மாதிரி இருக்கிறார் என்று வூவேயின் ஆட்கள் குறை சொன்னார்கள். கழுத்தைச் சாய்த்துக் குழைகிற முகத்தோடு கிறிஸ்துவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது என்கிற தோரணையில் பூசான் பதில் கொடுத்தார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது.

1642இல், மனைவியை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரோமுக்குக் கிளம்பினார். திரும்பவே இல்லை. மனைவி ஆன் மரி, ரோமில் இருந்த ஒரு பிரெஞ்சுச் சமையல்காரரின் மகள், இவர் நோயில் படுத்தபோது அந்த வீட்டில்தான் பார்த்துக்கொண்டார்கள், அப்படித்தான் 1630இல் கல்யாணம். “கெட்டிக்காரன். பொண்டாட்டியைச் சாக்கு சொல்லித் தப்பிச்சிருக்கான்” என்றார் பெரியம்மா.

நெடுங்கூடத்தில் அவர் செய்த வேலை எதுவும் மிஞ்சவில்லை. மழை வந்துவிட்டது, நாங்களும் கிளம்பிவிட்டோம்.

ஞாயிறு

சான் லசார் நிலையத்திலிருந்து ரயிலில் கையோன், அங்கிருந்து டாக்சி, லே ஆந்தெலி. சென் நதி பெரிதாக வளைகிற இடத்தில் ஒரு சின்ன ஊர், மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில் இடிந்த கோட்டை, ஷாத்தோ கையார். இங்கிலாந்து அரசர் ரிச்சர்டு 1196இலிருந்து இரண்டே வருடத்தில் கட்டி முடித்தது, 1204இல் பிரெஞ்சு அரசர் பிடித்துவிட்டார். பெரியம்மா கீழேயே இருந்துகொண்டார், நான் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினேன். காட்சிக்காகவே ஏறலாம்.

பூசான் பிறந்தது இந்த ஊருக்கு ஒட்டிய வில்லேர் என்ற குக்கிராமம். நாங்கள் வந்தது பெரிய ஆந்தெலியில் இருக்கும் நோத்ர் தாம் கோயிலுக்கு. 1612இல் குவென்டின் வாரின் என்ற ஓவியர் இந்தக் கோயிலுக்குப் படம் போட வந்தார். பூசானுக்கு அப்போது 18 வயது. அந்தப் படங்களைப் பார்த்தும் அவரோடு பழகியும்தான் ஓவியனாகியே தீருவது என்று முடிவெடுத்து வீட்டை விட்டுப் பாரிஸுக்குப் போனார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் படங்கள் இன்னும் அதே கோயிலில் இருக்கின்றன.

பார்த்தேன். சுமார்தான். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் மரணம், முறுக்கிக்கொண்டு நிற்கிற உடம்புகள், நெருக்கியடிக்கிற கூட்டம், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பூசான் பிற்காலத்தில் எதையெல்லாம் தவிர்த்தாரோ அதெல்லாம் இங்கே சேர்ந்திருக்கிறது. ஆனாலும் வில்லேரிலிருந்து நடந்து வருகிற ஒரு பையனுக்கு, இதை ஒரு மனுஷன் கையால் செய்கிறான், கண் முன்னால் செய்கிறான் என்று பார்ப்பதே போதுமாக இருந்திருக்கும். நல்ல படம்தான் ஆளை இழுக்கும் என்று ஒன்றும் இல்லையே.

ஊருக்குள் பூசான் பெயரில் சின்ன அருங்காட்சியகம் உண்டு. அதில் அவர் படம் ‘கோரியோலானுஸ்’, ரோமானியக் கதை. நல்ல படம், ஆனால் வேதக் கதை இல்லை என்பதால் பெரியம்மாவுக்கு அதில் வேலை இல்லை, வெளியே உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். திரும்பும் டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று கைகாட்டினால் ஒன்றும் வராது.

திங்கள்

நாளை செவ்வாய், லூவருக்கு விடுமுறை, எங்களுக்கும் விமானம். ஆகவே இன்றைக்குக் கடைசியாக இன்னொரு சுற்று.

முதலில் ‘அஸ்தோத்தின் கொள்ளைநோய்’. 1630இல் தொடங்கியது. வட இத்தாலியில் அப்போது நிஜமாகவே கொள்ளைநோய், மிலான் செத்துக்கொண்டிருந்தது. 1 சாமுவேல் 5: பெலிஸ்தர் என்ற எதிரிகள் இஸ்ரவேலரின் புனிதமான உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுபோய்த் தங்கள் தெய்வமான தாகோனின் கோயிலில் வைக்கிறார்கள், தாகோன் தலையும் கையும் உடைந்து விழுகிறான், ஊரில் நோய். தெரு நாடக மேடையைப் போல ஆழமாகப் பின்னால் ஓடுகிறது. பூசான் வேலை செய்கிற முறை அப்படி: ஒரு பெட்டிக்குள் மேடை மாதிரி அமைத்து, மெழுகில் சின்னச் சின்ன பொம்மைகள் செய்து, துணி போர்த்தி, நிறுத்தி நிறுத்தி மாற்றிப் பார்த்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கவனித்துவிட்டுத்தான் வரைவார். இந்தப் படத்தை வாங்கிய வால்குவர்னேரா என்ற சிசிலிக்காரர் திருட்டு வைரத்தைக் கைமாற்றி அந்தப் பணத்தில் ஓவியம் வாங்கிக்கொண்டிருந்தவர், 1631இல் வழக்கு நடந்தது, பூசானும் போய்ச் சாட்சி சொன்னார்.

முன்னால் ஒரு தாய் செத்துக் கிடக்கிறாள். அவளுடைய குழந்தை முலையைத் தேடிப் போகிறது. ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து அதைத் தடுக்கிறான். இதைப் பார்த்தவுடன் எனக்கு மன்னா படத்தின் இடது ஓரம் ஞாபகம் வந்தது, அறைக்கு அறை நடந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சில வருட இடைவெளியில் வரைந்தவை, அளவும் ஏறக்குறைய ஒன்று. அங்கே முலையில் நஞ்சு, பிள்ளையை இழுத்து விலக்க வேண்டியிருக்கிறது. இங்கே அதே முலை கிழவிக்கு உயிர் கொடுக்கிறது, பிள்ளை தன் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இவரை உணர்ச்சி இல்லாதவர், மூளையால் வரைகிறவர் என்கிறார்கள். 1665இல் பாரிஸ் வந்த சிற்பி பெர்னினிகூட இவர் படத்தைப் பார்த்து, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, இவர் இங்கேயிருந்து வேலை செய்கிறவர் என்றார், அது பாராட்டு. உண்மைதான். ஆனால் யோசித்து யோசித்து வந்து சேர்ந்த இடம் பசித்த பிள்ளையின் முகம் என்றால், அதை எப்படி வறட்சி என்று சொல்வது?

‘நான்கு பருவங்கள்’ இருக்கும் அறைக்குப் போனோம். 1660இலிருந்து 1664 வரை, ரிஷெல்யூ கோமகனுக்காக. வசந்தம் ஏதேன் தோட்டம், கோடை போவாசின் வயலில் ரூத், இலையுதிர் காலம் கானானிலிருந்து திராட்சைக் குலையைத் தடியில் கட்டித் தூக்கி வரும் வேவுகாரர், குளிர்காலம் ஜலப்பிரளயம். கை நடுங்கத் தொடங்கிய வயதில் வரைந்தவை. கிட்டே போனால் தீற்றல்களில் அந்த நடுக்கம் தெரிகிறது. பின்னாளில் எழுத்தாளர் ஷதோப்ரியான் இந்த நடுக்கத்தையே வியந்து எழுதினார், ரோமில் பூசானுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியவரும் அவர்தான்.

பெரியம்மா மற்ற மூன்றையும் தாண்டிப் பிரளயத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். சாம்பல் வானம், செத்துப்போன சூரியன், ஒரு மின்னல். நோவாவின் பேழை எங்கோ தூரத்தில். பாறையில் ஒரு பாம்பு. ஒரு படகு கவிழ்கிறது, இன்னொரு படகிலிருந்து ஒருத்தி குழந்தையைப் பாறைமேல் இருப்பவனிடம் தூக்கிக் கொடுக்கிறாள். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது மொட்டை மாடியில் இருந்தவர் பெரியம்மா. “தண்ணி இந்தக் கலர்லதான் வந்துச்சு” என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மூடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மன்னாவுக்குத் திரும்பினோம், பூசான் சொன்ன அந்த முதல் 7 உருவங்களை எண்ணிவிடுவது என்று. சுலபம் என்று நினைப்பீர்கள். திகைத்து நிற்கிறவன், பால் கொடுக்கிறவள், கிழவி, அழுகிற பிள்ளை, பின்னால் சாய்ந்து கிடக்கிற கிழவர், அவரைத் தூக்கிவிட்டு மோசே பக்கம் காட்டுகிற வாலிபன். அப்புறம் யார்? எனக்கு வலது பக்கம் போகிற கை நீட்டிய பெண், பிள்ளையைச் சேர்க்காவிட்டால் இன்னொருத்தர். பெரியம்மா கிழவியையும் மகளையும் ஒரே உருவமாகத்தான் எண்ணுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், அவர் கணக்கில் ஏழு வேறு இடத்தில் முடிகிறது. பிள்ளை வயிறு காய்ந்து அழுகிறதால் அது கண்டிப்பாகக் கணக்கில் உண்டு என்பது மட்டும் இருவருக்கும் சம்மதம். காவலர் வந்து கடிகாரத்தைக் காட்டினார். பெரியம்மா அவரையும் எண்ணச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன், அவர் சிரிக்காமல் படத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணி, எட்டு என்றார்.